கடலை சாஸுக்கு உப்பு பார்த்த கதை

1

2024 அக்டோபர் 9, புதன்கிழமை. ராட்டர்டாம். காலையில் வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். டிகாஷன் இறக்கினேன். பச்சை மூடி போட்ட குப்பைத் தொட்டியை உருட்டிப் போய் வாசலில் வைத்தேன், கைப்பிடி தெருவைப் பார்க்கும்படி. கைப்பிடி வீட்டைப் பார்த்து இருந்தால் குப்பை வண்டி எடுக்காது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் எடுத்துச் சொல்ல வருவார். வெளியே தூறல், மேற்கிலிருந்து காற்று. நாட்குறிப்பில் இதை எழுதி முடித்தபோது காபி ஆறியிருந்தது.

அன்று அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளுக்குத் தாளில் செய்த வேலையை இங்கே திரையில் செய்கிறேன்; மற்றபடி பெரிய முன்னேற்றம் ஒன்றுமில்லை. இந்த நாட்டில் விடுப்புக்குக் காரணம் கேட்பதில்லை. நானாகவே எழுதியிருந்தேன்: "மனைவிக்குச் சமையல் தேர்வு." மேலாளர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, தேர்வு மனைவிக்கு என்றால் விடுப்பு உங்களுக்கு எதற்கு என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனால் பதில் எழுதவில்லை.

மனைவி பெயர் முத்துக்கனி. நான் கனி என்பேன். ஊரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவள். இங்கே வந்தபின் மொழித் தேர்வு எழுதினாள், குடியேற்றத் தேர்வு எழுதினாள். பால்காரர் வராத நாட்டில் பால்காரரிடம் என்ன கேட்பீர்கள் என்ற கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லித் தேறினாள். பிறகு வேலைக்கு மனுப் போட்டாள். எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில்: இந்த முறை தங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை, தங்கள் தேடலில் வெற்றி பெற மனமார வாழ்த்துகிறோம். இத்தனை அன்பாக மறுக்கும் மனிதர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. நம் ஊர் என்றால் "வேலை இல்லைம்மா, போ" என்பதோடு முடிந்துவிடும், வாழ்த்து இல்லாமல்.

சென்ற வாரம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையிலிருந்து அழைப்பு வந்தது. புதன்கிழமை வந்து ஒரு முறை சமைத்துக் காட்ட வேண்டும். அன்றிரவு சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"இது கெடைக்கலேன்னா இனிமே நான் எங்கயும் போயிக் கேட்டு நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

கனி சொன்னால் சொன்னதுதான். வந்த புதிதில் சைக்கிள் பழகினாள். ஒரு நாள் வாய்க்கால் ஓரத்தில் விழுந்தாள். எழுந்து, சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, "இனி இது வேண்டாம்" என்றாள். அந்தச் சைக்கிள் இன்றும் கொட்டகையில் புதிதாக இருக்கிறது.

2

அவர்கள் கேட்டது கடலை சாஸ். இங்கே அதற்குப் பெயர் பிண்டாசாஸ். பொரித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றுவார்கள், குச்சியில் கோத்துச் சுட்ட கோழியைத் தோய்ப்பார்கள், ஒன்றுமில்லை என்றால் ரொட்டியில் தடவுவார்கள். இந்த டச்சுக்காரர்கள் ஒரு காலத்தில் இந்தோனேசியாவை ஆண்டார்கள். அங்கிருந்து கொண்டுவந்தவற்றில், திருப்பிக் கொடு என்று இதுவரை யாரும் கேட்காத பொருள் இந்தச் சாஸ் ஒன்றுதான். நம் தூத்துக்குடியையும் இவர்கள் ஆண்டிருக்கிறார்கள். முத்து, சங்கு, துணி என்று பார்த்துப் பார்த்துக் கப்பலில் ஏற்றியவர்கள், நிலக்கடலைச் சட்னியை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பிழையைத் திருத்தக் கனி வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இல்லத்தில் புதன்கிழமைதோறும் இந்தோனேசியச் சாப்பாடு. சாஸை இதுவரை வாளியில் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். இந்தோனேசியாவிலேயே பிறந்து வளர்ந்த சில முதியவர்கள் வாளிச் சாஸைத் தட்டில் ஒதுக்கி வைக்கத் தொடங்கியபின், சொந்தமாகச் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள்.

"இது என்ன, நம்ம கடலைச் சட்னிதான" என்றாள் கனி.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சந்தையில் துருக்கிக்காரர் கடையில் பச்சைக்கடலை வாங்கி வந்தேன். கனி அதை வறுத்து, தேய்த்துத் தோல் நீக்கி, வாசலில் நின்று புடைத்தாள். தோல் பறந்து எதிர்வீட்டுக்காரரின் கார்மேல் விழுந்தது. அதைப் பற்றி அவர் பேச வந்தது தனிக் கதை. வரமிளகாய், பூண்டு, புளி சேர்த்து அரைத்து, தேங்காய்ப்பால் விட்டு, எண்ணெய் பிரியும்வரை கொதிக்க வைத்தாள். இவர்கள் இதில் இனிப்பான கறுப்புச் சோயா சாஸ் ஒன்றை ஊற்றுவார்கள். கனி அதற்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள். கடைசியில் கை தானாகவே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிவிட்டது.

மகள் யாழினி அன்று வீட்டில் இருந்தாள். கல்லூரி வேறு ஊரில். துணி துவைக்க ஞாயிறுதோறும் வருவாள். அடுப்பருகே வந்தவள் நேரே சட்டிக்குள் விரலை விட்டு நக்கினாள்.

"ஏளா! சாமிக்குக் காட்டல, அப்பாக்கு வைக்கல, அதுக்குள்ள விரல விடுதியே, வெக்கமா இல்ல?"

"டேஸ்ட் பண்ணேன்மா. நல்லா இருக்கு. ஆனா சாஸ்ல எதுக்கு எலை கெடக்கு?"

"எல இல்லாம எப்படி?"

"எடுத்துருமா. தாத்தாங்க தொண்டையில மாட்டிக்கும். சரி, நீ டேஸ்ட் பண்ணியா?"

"நான் எதுக்கு? வாசனையிலயே தெரியும்."

"உப்பு கூடவா வாசனையில தெரியும்?"

"கொதி வாசனையில தெரியும். ஒனக்கு எங்க தெரியப் போவுது, எல்லாம் டப்பாச் சாப்பாடு."

யாழினி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அவள் தமிழில் மீதமிருப்பது சாப்பாட்டுச் சொற்களும் இந்தக் கண்ணுருட்டலும்தான்.

நான் இட்லியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "ஒரு கல் உப்பு குறையுது" என்றேன். கனி போட்டாள். "இப்ப?" "இப்ப சரி." உடனே தராசை எடுத்து எல்லாவற்றையும் கிராமில் கணக்கிட்டு எழுதினேன். கண் திட்டத்தில் போடுவதை இந்த நாட்டில் ஏற்கமாட்டார்கள் என்று விளக்கினேன். மறுநாள் அலுவலகத்தில் அந்தத் தாளுக்குப் பிளாஸ்டிக் உறையும் போட்டு அட்டையாக்கினேன். இத்தனை கடலைக்கு இத்தனை உப்பு. இம்மி பிசகாது.

"அப்பா, இன்டர்வியூ அம்மாவுக்கு. நீ எதுக்குப் போறே?" என்றாள் யாழினி, கிளம்பும்போது. 'நீங்கள்' என்ற சொல்லை அவள் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

"மிக்ஸி தூக்க ஆள் வேணும்" என்றேன்.

3

ஊரில் என் அக்கா இருக்கிறாள். கருப்பட்டி அனுப்புவது அவள்தான். அதனால் அறிவுரையும் சேர்ந்தே வரும். வீடியோவில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, சட்னி அரைக்கவா கப்பல் ஏறிப் போனிய?"

"விமானத்துலதான் வந்தோம்க்கா."

"எதுல போனா என்னலே. அவ பி.காம் படிச்சவ. அங்கன போயி வயசாளுவளுக்குச் சட்னி அரைக்காளா? நான் இங்கன யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்லாதிய மைனி, இன்னும் கெடைக்கவே இல்ல" என்றாள் கனி பின்னாலிருந்து.

சொல்ல மாட்டேன் என்ற அக்கா, அன்று மாலைக்குள் கனிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் வேலை என்று சுற்றத்துக்கெல்லாம் அறிவித்துவிட்டாள். மறுநாள் என் மைத்துனர் வாழ்த்து அனுப்பினார், தன் சர்க்கரைக்கு எதைச் சாப்பிடலாம் என்று ஒரு கேள்வியுடன். நாங்கள் இங்கே என்ன வேலை செய்கிறோம் என்பதை ஊரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு வழக்கத்தை விளக்க வேண்டும். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லைதான். ஆனால் இல்லத்தில் நடந்தது அதனால் வந்தது. கனி சமைக்கும்போது ருசி பார்க்கமாட்டாள். அவள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. முதலில் சாமி, பிறகு நான், பிறகு பிள்ளை, கடைசியில் அவள். முன்னாலேயே வாயில் வைத்தால் எச்சில். கல்யாணமான நாள் முதலாக, முதல் வாய் எடுத்து வைத்ததும் என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள்: "உப்பு எப்படி இருக்கு?" நான் யோசித்து, நிதானமாகத் தீர்ப்புச் சொல்வேன். அந்த ஒரு கேள்வியின் பலத்தில்தான் இந்த வீட்டின் தலைவன் நான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

உப்பு விஷயத்தில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்தபோது வாசலில் ஓர் இட்லிக்கடை. உப்பு லாரி ஓட்டுநர்கள் வரிசையாக நின்று தின்பார்கள். ஒரு நாள் நான் வாளிச் சட்னியைத் தொட்டுவிட்டு, "அண்ணாச்சி, உப்பு தூக்கலா இருக்கே" என்றேன். கடைக்காரர் கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்:

"சார்வாள், நம்மூர்ல இருந்துக்கிட்டு உப்பு கொறஞ்சாத்தான் அவமானம். கூடுனா பெருமை. இன்னொரு இட்லி வைக்கட்டா?"

அந்தப் பெருமையோடுதான் புதன்கிழமை மதியம் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு இல்லத்துக்குப் போனோம்.

4

சமையலறைத் தலைவியின் பெயர் மாரைக்க. என்னைவிட ஒரு சாண் உயரம். கை கொடுத்தார், மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். டச்சில் நடந்த பேச்சை எழுத்துத் தமிழில் தருகிறேன், வேறு வழியில்லை.

"பாதுகாப்புச் சோதனை முத்திரை எங்கே?"

இல்லை. அதனால் மிக்ஸிக்கு அனுமதி இல்லை. அவர்களுடைய இயந்திரத்திலேயே அரைக்க வேண்டும். மிக்ஸிக்கு இல்லாத அனுமதி எனக்கும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில், பரிமாறும் ஜன்னலுக்கு எதிரே ஒரு நாற்காலியைக் காட்டினார். ஒரு காபியும், வழக்கப்படி ஒரே ஒரு பிஸ்கட்டும் வந்தன. மடியில் மிக்ஸியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து மேசைகளில் ஏழெட்டு முதியவர்கள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். ஒரு பாட்டி மிக்ஸியைப் பார்த்து, ஆண் குழந்தையா என்பதுபோல் சிரித்தார்.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. கடலையும் அவர்களுடையதுதான், பெரிய டப்பாவில், வறுத்துத் தோல் நீக்கியது. கனி மூடியைத் திறந்து மோந்து பார்த்துத் தலையசைத்தாள். என் அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்து, அதன்படி ஒவ்வொன்றாக நிறுத்துப் போட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அரைத்தாள், தேங்காய்ப்பால் விட்டாள், கருப்பட்டி தட்டினாள். கறிவேப்பிலை போடவில்லை. எண்ணெய் பிரிந்து வந்தது. முதியவர்கள் மூக்கை நிமிர்த்தினார்கள்.

மாரைக்க வந்தார். "ருசி பார்த்தீர்களா?"

"இல்லை" என்றாள் கனி.

"ஏன்?"

கனி தேர்வுக்குப் படித்த டச்சில், அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள்: "முதலில் அவர்கள். பிறகு நான்."

மாரைக்க கூடத்தைப் பார்த்தார். பிறகு கனியைப் பார்த்தார். "அப்படியென்றால், அவர்களை வைத்தா சோதிக்கிறீர்கள்?"

நான் இதுவரை இந்த நாட்டவர் பேச்சை வெடுக்கென்று இருக்கிறது என்று மட்டுமே குறை சொல்லியிருக்கிறேன். அன்று அது என் பக்கமாக வந்து என்னையும் தொட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாக முதல் வாய் சாப்பிட்டது நான்.

உடனே எழுந்தேன். மரியாதை, படையல், எச்சில் என்று எங்கள் பண்பாட்டை வரிசையாக விளக்கலாம் என்று எண்ணம். "அதாவது, எங்கள் நாட்டில்..." என்று தொடங்கினேன். மிக்ஸியின் ஒயர் நாற்காலிக் காலில் மாட்டியது. ஜன்னலுக்குள்ளிருந்து தமிழ் வந்தது:

"உக்காருங்க. ஒங்கள யாரு கேட்டா?"

உட்கார்ந்தேன். மொழி தெரியாத முதியவர்களுக்கும் அது புரிந்துவிட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாரைக்க இழுப்பறையிலிருந்து இரண்டு ஸ்பூன் எடுத்தார். ஒன்றால் சட்டியிலிருந்து மொண்டு மற்றொன்றில் ஊற்றி, அந்த இரண்டாவதை வாயில் வைத்தார். சட்டிக்குள் போன ஸ்பூன் வாய்க்குப் போகவில்லை. வாய்க்குப் போனது சட்டிக்குத் திரும்பவில்லை. முகம் சுருங்கியது. ஒரு குவளைத் தண்ணீர் குடித்தார்.

"உப்பு" என்றார். பிறகு, "நீங்கள் எந்த ஊர்?"

"உப்பு விளையும் ஊர்" என்றாள் கனி.

"தெரிகிறது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம். இதை நான் பரிமாற முடியாது."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். கனி சேற்றைத் தட்டிவிட்டு எழுந்த அந்த வாய்க்கால் கரை என் கண்முன் வந்தது. இனி ஏப்ரனைக் கழற்றுவாள், நன்றி சொல்வாள், வெளியே வருவாள், வாழ்நாளில் வேலை என்ற சொல்லை எடுக்கமாட்டாள்.

கனி ஏப்ரனில் கையைத் துடைத்தாள். சுவரைப் பார்த்தாள். அங்கே சாமி படம் இல்லை. கை கழுவும் முறையைக் காட்டும் படம்தான் இருந்தது. இரண்டு ஸ்பூன் எடுத்தாள். மாரைக்க செய்தபடியே மொண்டு, ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு கஷாயம் குடிப்பவளைப்போல் வாயில் வைத்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அடுத்து நேரே டப்பாவிடம் போய் ஒரு கடலையை எடுத்து மென்றாள்.

"ஐயே, கடலையிலயே உப்பு கெடக்கு!" ஜன்னலில் தலை தெரிந்தது. "ஏங்க, கடலையில ஏற்கெனவே உப்பு இருந்தா என்ன செய்யணும்னு ஒங்க அட்டையில போட்டிருக்கா?"

"இல்லை" என்றேன்.

"பின்ன என்னத்த எழுதுனிய?"

அட்டையை எட்டிப் பார்த்தேன். அதற்குள் அவள் மாரைக்கவிடம் திரும்பியிருந்தாள். "இருபது நிமிடம் கொடுங்கள். நான் சரிசெய்வேன்." கேட்கவில்லை, சொன்னாள். மாரைக்க கடிகாரத்தைப் பார்த்து, இருபது என்றார்.

டப்பாவில் மீந்த கடலையைச் சல்லடையில் கொட்டி வெந்நீரில் அலசினாள். துணியில் ஒற்றி, சூட்டடுப்பில் உலர வைத்தாள். உப்பில்லாமல் அரைத்தாள். பழைய சாஸில் பாதியைத் தனியே எடுத்து ஒதுக்கிவிட்டு, மீதியில் புதியதைக் கலந்து, தேங்காய்ப்பாலும் புளியும் சேர்த்தாள். ஒவ்வொன்றும் சேர்த்தபின் இரண்டு ஸ்பூன். ருசி பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். கருப்பட்டி இன்னும் ஒரு துண்டு. மறுபடி இரண்டு ஸ்பூன். ஒரு முறை ருசி கண்டவளுக்கு நிறுத்த முடியவில்லை. இழுப்பறை காலியாகிக் கழுவுதொட்டி நிரம்பியது. கடைசியில் மாரைக்கவே, "போதும், அவர்கள் சாப்பிடவும் ஸ்பூன் வேண்டும்" என்றார்.

சட்டியை இறக்கி வைக்க இடம் தேடிய கனி, சுவரில் சாய்ந்திருந்த என் அட்டையை எடுத்து மேசையில் போட்டு அதன்மேல் வைத்தாள். பிளாஸ்டிக் உருகும் வாசனை லேசாக வந்தது.

பரிமாறினார்கள். இந்தோனேசியாவின் சுரபாயாவில் பிறந்த ஒருவர் அங்கே இருந்தார். வாளிச் சாஸை முதன்முதலில் ஒதுக்கியவர் அவர்தானாம். கோழித் துண்டை நன்றாக அமுக்கித் தோய்த்துத் தின்றார். நெடுநேரம் மென்றார்.

"இது எங்கள் ஊர்ச் சாஸ் இல்லை" என்றார்.

மாரைக்க கனியைப் பார்த்தார். கனி சுரபாயாக்காரரைப் பார்த்தாள். அவர் தட்டை ஜன்னல் பக்கம் நீட்டினார்.

"இன்னும் இருக்கிறதா?"

5

முடிவை மின்னஞ்சலில் சொல்வதாகச் சொல்லிக் கை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பேருந்து ஏறினோம். நான், உப்பிட்ட கடலை என்று டப்பாவில் எழுதியிருந்தது பொடி எழுத்தில் என்றும், அதைச் சொல்லியிருக்க வேண்டியது அவர்கள்தான் என்றும் விளக்கிக்கொண்டு வந்தேன். ஒரு நிறுத்தம் கழித்து, கனி மிக்ஸியை ஒழுங்காகப் பிடிக்கச் சொன்னாள்.

மாலையில் அவள் கைபேசி ஒலித்தது. வழக்கமாக டச்சில் எது வந்தாலும் என்னிடம் நீட்டுவாள். அன்று நீட்டவில்லை. ஜன்னலோரம் நின்று உதடு அசைய இரண்டு முறை படித்தாள்.

"மூணு மாசம் வச்சுப் பாக்காங்களாம். அடுத்த மாசத்துல இருந்து வரச் சொல்லுதாங்க. ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"பரிமாறதுக்கு முந்தி ருசி பாக்கணும்."

அக்காவுக்கு அவளே போன் போட்டாள். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் சத்தம் கேட்டது.

"அதென்னளா, எச்சியாக்கியா குடுக்கணும்?"

"எச்சி இல்ல மைனி. ரெண்டு ஸ்பூன். ஒண்ணு எடுக்க, ஒண்ணு வாயில வைக்க. வாயில வச்சது சட்டிக்குப் போவாது."

எதிர்முனையில் அக்கா தொலைக்காட்சியை நிறுத்தினாள். அவள் அதை நிறுத்துவது மிகவும் அபூர்வம்.

"அப்போ உப்பு கூடயா கொறவான்னு நமக்கே தெரிஞ்சிரும்லா?"

"தெரிஞ்சிரும்."

"இவனுவ மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டாம்?"

"வேண்டாம்."

"ஏளா," என்றாள் அக்கா, குரலைத் தணித்து, "நம்ம வீட்டுலயும் ரெண்டு ஸ்பூன் கெடக்கு."

வியாழக்கிழமை காலை நான் இறங்கி வந்தபோது அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. கனி எழுந்ததும் முதல் வேலையாகக் கடலைச் சட்னி அரைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியிருந்தாள். இரண்டு ஸ்பூன் எடுத்தாள். ஒன்றால் மொண்டு மற்றொன்றில் ஊற்றி, என் எதிரிலேயே, கண்ணை மூடாமல் வாயில் வைத்தாள். சிட்டிகை உப்பு போட்டுக் கிளறினாள். பிறகு எனக்குத் தட்டு வைத்தாள்.

நான் முதல் வாயை எடுத்து வைத்து, நிதானமாக யோசித்து, தொண்டையைச் செருமினேன்.

"பாத்தாச்சு" என்றாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.